கூடாரக் கம்பி என் பையில்

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சுடவச்சுச் சாப்பிடுங்க.

கடலோரப் பூங்காவுல கூடாரம் போடுறதைப் பத்தி உங்க தம்பிகிட்ட ஃபோன்ல பேசினது சமையலறை வரைக்கும் கேட்டுச்சு. "பக்கத்து மலைப்பாதைக்கு நாம ரெண்டு பேரும் போவோம். அவளால ஏற முடியாது, சாமானைப் பாத்துக்கட்டும்"னு சொல்ல வாய் கூசலையா? தபால் பையோட தினமும் மாடி மாடியா ஏறி இறங்குறவ நான். நம்ம லிஃப்ட் நின்னா, மூணாம் மாடியில மூச்சு வாங்கி என்கிட்ட பையைக் குடுக்கிறது யாரு?

சாயங்காலம் தம்பி கூடாரத்தை வாங்க வருவாரு. கூடாரத்துணி மட்டும் அலமாரியில இருக்கு. கம்பியெல்லாம் என் தபால் பையில. நானும் ஏறுறேன்னு உங்க வாயால அவர்கிட்ட சொல்லுங்க, அப்புறம் தரேன்.

பி.கு.: புது பூட்ஸ் குதிகாலைக் கடிக்குதுன்னீங்களே, உள்ளே பஞ்சு வச்சிருக்கேன். மலையிலிருந்து உங்களைச் சுமந்துட்டு இறங்க மட்டும்தான் என்னால முடியாது.