ஏழாவது நாளுக்கு ஒரு கட்டம்

அன்பு மகள் ஹதாஸுக்கு,

ஆண்டவன் அருளால் நான் இங்கே உயிரோடும் ஓயாத வாயோடும் இருக்கிறேன், அங்கே டொராண்டோவில் நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க மூன்று வேளையும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா அடுப்படியிலேயே நின்று காது கொடுக்கிறார், அதனால்தான் நாளைக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு நூரித்திடம் இதைக் கொடுக்கிறேன். உன் அம்மா போனபிறகு உன்னை வளர்த்த அத்தை கேட்கிறேன், உட்கார்ந்து படி.

போன சபாத் ஓய்வுநாள் காலையில் ஜெப ஆலயத்தில் அண்ணன், உன் அப்பாதான், வேதச்சுருள் இருக்கும் தோராப் பெட்டியைத் தூக்கினார். கை நடுங்குகிறது, சட்டையெல்லாம் வியர்வை. இரண்டு பேர் பாய்ந்து பிடிக்காவிட்டால் பெட்டி தரையில் விழுந்து ஊரே நோன்பிருக்க வேண்டி வந்திருக்கும், அவரும் விழுந்திருப்பார். வாயில் திராட்சைரசம் ஊற்றினோம். தெளிந்ததும், 'ஏடி கமூனா, ஆசீர்வாதம் சொல்லாம குடிக்க வெச்சுட்டியே' என்கிறார்.

மறுநாள் கிளினிக் நர்ஸ் ஷுலமித் ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். சர்க்கரை நோயாளி தன்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்கிற தாள், வெளிநாட்டில் எழுதியது, எபிரேயத்துக்கு மாற்றி, நம் ஜனங்களுக்குச் சரியாக வருகிறதா என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கிறார்கள். போன ஏழு நாளில் எத்தனை நாள் ரத்தம் குத்திப் பார்த்தீங்க என்றாள், ஆறு என்றார் அண்ணன். 'என்ன மாமா, இந்தத் தெருவுல எல்லாரும் ஆறுங்கறீங்க, பேசி வெச்சுக்கிட்டீங்களா' என்று சிரித்தாள். ஏதோ ஒருநாள் மறக்கிறார்கள் என்றே அவர்கள் நினைத்திருந்தார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. மறக்கலம்மா, சபாத்ல மெஷின்ல வெளிச்சம் வரவெக்கறதும் ரத்தம் எடுக்கறதும் கூடாதுன்னு தொடமாட்டார், இன்சுலினை மட்டும் போட்டுக்கிட்டு ஜெபம் முடியறவரைக்கும் எதுவும் சாப்பிடமாட்டார் என்று போட்டு உடைத்துவிட்டேன். ஷுலமித் சிரிப்பை நிறுத்தினாள். தாளின் ஓரத்தில் 'சபாத் அன்று பார்த்தீர்களா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாள். இனி எல்லாரிடமும் இதைத் தனியாகக் கேட்கச் சொல்லப்போகிறாளாம். அண்ணன் என்னை முறைத்தார்.

அண்ணனை எங்கள் குரு ரப்பியிடம் இழுத்துக்கொண்டு போனேன். 'உசுருன்னு வந்தா சபாத் வழிவிடும், குத்திப் பாக்காம இருக்கறதுதான் பாவம், ஹுவாத்தோ' என்று அண்ணனைப் பேர் சொல்லிச் சொன்னார் அவர். அண்ணன் அங்கே தலையாட்டிவிட்டு, வரும் வழியில், 'அவன் சின்னப்பய, எங்கப்பா இருந்திருந்தா ஒத்துக்கவே மாட்டார்' என்கிறார். பெரிய நோன்புக்கும் நாலு வாரம்தான் இருக்கிறது, ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபாத் தொடங்க நான் விளக்கேற்றுமுன் அவருக்குப் போன் செய். திட்டாதே, அழாதே, நான் எழுதியதாகச் சொல்லாதே. நாளைக்குப் பார்ப்பீங்களா அப்பா என்று மட்டும் கேள். என்னிடம் பொய் சொல்வார், நர்ஸிடம் மழுப்புவார், உன்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

நீயும் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல் ஆண்டவன் உன்னை நிலைநிறுத்தட்டும், வருகிற வருஷம் உனக்கு இனிப்பாயிருக்கட்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. ஷுலமித்திடம் கேட்டு வாங்கிய அந்தத் தாளின் நகலைப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். சபாத்தில் எழுதக்கூடாதே, அதனால் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். குத்திப் பார்த்ததும் அவர் அதைக் கட்டத்துக்குள் நகர்த்தி வைத்தால் போதும்.

உன் அத்தை,
கமூனா