நெஞ்சுவலி சீன்

ஜூன் 3, செவ்வாய்

படத்தின் இரண்டாம் பாதியையும் வெட்டி முடித்துவிட்டேன்! நான் வெட்டிய சீனுக்கு நானே தனியாக உட்கார்ந்து சிரித்ததில், வாட்ச்மேன் எடிட்டிங் ரூம் கதவைத் திறந்து ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். முதல் தடவையாகத் திரையில் 'படத்தொகுப்பு' என்று போட்டு என் பெயர் வரப்போகிறது. தலைகால் புரியவில்லை.

கதை புதிதில்லை. ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று அப்பாவும் மகனும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்களைச் சேர்த்து வைக்க அம்மா நெஞ்சுவலி என்று பொய்யாக விழுகிறாள். அதிலிருந்து ஏகப்பட்ட குளறுபடி, கடைசியில் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். யாரும் கெட்டவரில்லை, யாரும் சாவதில்லை. எனக்கு இந்த மாதிரிப் படம்தான் பிடிக்கும். வீட்டுச் சண்டையைப் பார்த்து வேறு எங்கே சிரிக்க முடிகிறது?

ஜூன் 5, வியாழன்

டைரக்டர், "அடுத்த வாரம் சனிக்கிழமை பிரிவியூ ஷோ. வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வாம்மா, சிரிக்கிறாங்களான்னு பாப்போம்" என்றார்.

எனக்கு வீட்டு ஆள் இரண்டே பேர். என்னோடு இருக்கும் அப்பா, தனியாக இருக்கும் அண்ணன். அவர்கள் பேசி நாலு வருடம் ஆகிறது. அம்மா போன அன்று அண்ணன் கேட்டான், "கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" அப்பா பதில் சொல்லவில்லை. அதோடு சரி.

பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தால் என்ன?

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வரமாட்டான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வரமாட்டார் என்று அவனிடம். கூசாமல் புளுகினேன். இரண்டு மணி நேரம் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேசாமலா போவார்கள்? ஐயோ, சனிக்கிழமை சீக்கிரம் வரட்டும்.

ஜூன் 14, சனி

ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் என்னை முறைத்தார்கள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள், தப்பித்தேன். ஃபேன் சண்டைக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனுக்குத் தோள் குலுங்கியது. நான் திரையைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்த சீன். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறாள். தியேட்டர் மொத்தமும் சிரிக்கிறது, இவர்கள் இருவரைத் தவிர. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம அம்மா — நெஞ்சுவலி — மாசக்கணக்கா இதையே வெட்டி ஒட்டிட்டு இருந்தேனே, எங்க சிரிப்பு விழும்னு மட்டும்தானே பாத்தேன்? எப்படிடீ உனக்குத் தோணாம போச்சு?

அண்ணன் எழுந்து வெளியே போனான். பின்னாலேயே அப்பா. நான் ஓடினேன்.

"நடிச்சு சேத்து வைக்கலாம்னு நெனச்சியா? நம்ம அம்மா நடிக்கலடீ" என்றான் என்னிடம்.

அப்பாதான் பதில் சொன்னார். "அவ நடிக்கிறான்னுதான்டா நான் நெனச்சேன். வலிக்குதுன்னப்ப, 'ஆரம்பிச்சிட்டியா'ன்னு சிரிச்சேன். நீ அன்னைக்குக் கேட்டது சரிதான்."

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே கைதட்டல் கேட்டது.

ஜூன் 16, திங்கள்

அந்த சீனை எடுத்துவிடலாமா என்று டைரக்டரிடம் கேட்டேன். "தியேட்டரே அதிர்ந்துச்சேம்மா! உன் ஒரு வீட்டுக்காகவா படம் எடுத்தேன்?" நியாயம்தான். ஆனால் நெஞ்சுவலி நிஜமாகவே வந்துபோன வீட்டிலிருந்தும் டிக்கெட் எடுத்து வருவார்களே? இந்தப் படங்கள் அவர்களை நினைப்பதே இல்லை. நானே நினைக்கவில்லை.

இருந்தாலும் ஃபேன் சண்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஜூன் 20, வெள்ளி

அப்பா பேப்பர் படிக்கிறார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ரிலீஸ். ஹவுஸ்ஃபுல்! என் பெயர் வந்தபோது நானே விசிலடித்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மத்தியானம் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். போனையும் எடுத்துப் போகவில்லை. சாயங்காலம்தான் வந்தார்.

"எங்கப்பா போயிட்டீங்க?"

"உன் படத்துக்கு. உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான்."

"அந்த சீன்...?" என்றேன்.

"அது வர்றப்ப ரெண்டு பேரும் எழுந்து வெளிய போயிட்டோம். டீ குடிச்சோம். முடிஞ்சிருக்கும்னு அவன் சொன்னதும் திரும்பப் போய் உக்காந்தோம். மிச்சம் நல்ல சிரிப்பு."

"வெளிய நின்னு என்னப்பா பேசினீங்க?"

"என்னத்தப் பேசறது? இந்தப் படத்துல உங்கம்மா எந்தெந்த இடத்துல சிரிச்சிருப்பான்னு பேசிட்டிருந்தோம்."