நங்கை போட்ட சோறு

ஆலத்தூர் நாடு,
யுவ வருஷம், மாசி மாதம்.

பேளுக்குறிச்சி அத்தாயி நங்கைக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி ருக்குமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. மிளகு கொண்டு சந்தைக்கு இறங்கும் செங்கோடனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசித்துக் காட்டுகிறவரிடம், சங்கடப்பட்டு ஒரு வரியையும் விழுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன சந்தையில் எங்கள் ஊர்க் கண்ணாயியிடம் நீங்கள் பேசியது என் காதுக்கு வந்தது. "ஊட்டுக்காரி பட்டினி போட்டே எந்தம்பிய எலும்பும் தோலுமா ஆக்கிட்டா. நான் தேத்தி அனுப்பறேன்" என்றீர்களாம். உப்புக் கடைக்காரர்கூட உச்சுக் கொட்டினாராம்.

உங்கள் தம்பி இளைத்தது பட்டினியால் அல்ல, தின்ற தீனியால். கார்த்திகையில் சேலத்து டாக்டர் நீரிழிவு என்று சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் நின்றீர்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும், ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதும், சாப்பிடச் சாப்பிட உடம்பு கரைவதும் அந்த வியாதிதான் என்றார். அரிசிச் சோறு, வெல்லம், வாழைப்பழம் கூடாது, களியானாலும் கையளவுதான், கீரையும் அவரையும் மோரும் கொடுங்கள் என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். டாக்டருக்கு ஆட்டினீர்களா, ஈ ஓட்டினீர்களா, தெரியவில்லை.

நான் அவர் சொன்னபடிதான் போட்டேன். உங்கள் தம்பி வட்டிலைத் தள்ளினார், சொல்லக் கூசும் பேச்செல்லாம் பேசினார். நான் இல்லாத நேரத்தில் பானையைத் திறந்து துழாவினார். வெல்லத்தைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கட்டிய புருஷன் பசிக்கிறது என்று கேட்க, இல்லை என்று சொல்வது எனக்கு ஆசையா? கடைசியில் கோபித்துக்கொண்டு மலையிறங்கி உங்களிடம் வந்துவிட்டார். நீங்கள் புத்தி சொல்லி அனுப்பாமல் இலை போட்டீர்கள்.

காலையில் பழைய சோறு, மத்தியானம் குவித்த பச்சரிசிச் சோறு, பொழுது சாய்ந்தால் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். அவர் இளைக்க இளைக்க இன்னும் ஒரு கரண்டி. நீங்கள் வைத்தது சோறு இல்லை நங்கை, விஷம்.

தாய் செத்த பிறகு நீங்கள்தான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தீர்கள். கஞ்சி இல்லாமல் அவர் அழுததைப் பார்த்தவர் நீங்கள். இன்று அவர் வயிறாரத் தின்றால் உங்கள் கண் நிறைகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள்மேல் ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

முள் குத்திய புண் ஆறாமல் அவர் கால் பெருவிரல் கறுத்திருக்கிறது என்று கண்ணாயி சொன்னாள். நீங்கள் மஞ்சளைப் பூசிவிட்டு, தெம்பு வர வேண்டும் என்று பாயசம் வைக்கிறீர்களாம். விரல் கறுத்தால் உடனே கூட்டி வா, தாமதித்தால் கால் போகும், பிறகு உயிரும் போகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவ்வளவு கெடுபிடி செய்தேன்.

நாளை மறுநாள் விடியலில் என் அண்ணனோடு இறங்கி வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரை வண்டி கட்டி வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து நேரே சேலம். உங்கள் வாசலில் நின்று சண்டை போட மாட்டேன், அதற்கு நேரமில்லை.

அதுவரை அவர் கெஞ்சுவார். "அக்கா, ஒரு வாய்" என்பார். மோரைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். முதல் நாள் நெஞ்சு வெடிப்பதுபோல் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அறப்பளீசுவரர் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். பட்டினி போட்டவள் என்ற பெயர் எனக்கே இருக்கட்டும். சந்தையில் இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள், நான் மறுத்துப் பேச மாட்டேன். அவரை மட்டும் எனக்கு உயிரோடு கொடுங்கள்.

இப்படிக்கு,
ருக்குமணி