சிவப்பு மிதவை எந்தக் கைப் பக்கம்

1991, ஆவணி மாதம், செவ்வாய் இரவு.

படகு ஓட்டும் உரிமம் கிடைத்தால் மண்ணூர் கம்பெனி வாட்ச்மேன் வேலையை விட்டுத் தொலையலாம் என்றிருந்தேன். இன்று பரீட்சையில் ஃபெயில் போட்டுவிட்டார்கள். மேஜைமேல் சிவப்பும் பச்சையுமாகப் கப்பல் பாதையின் இரு ஓரத்தையும் காட்டும் பொம்மை மிதவைகளை வைத்து, "கடல்லேர்ந்து துறைமுகத்துக்குள்ள வரீங்க பெரியவரே, சிவப்பு எந்தப் பக்கம்?" என்றார் அதிகாரி. வலது என்றேன். "இடது. படகைக் கரையில ஏத்திடுவீங்க போல!" என்று சிரித்தார்.

இழுவைப்படகில் பல வருடம் இருந்தவன் நான். இழுத்து வரும் கப்பலின் வடத்தைக் கவனிக்க, பின்பக்கம் திரும்பியே நின்றேன். அப்படி நின்றால் சிவப்பு வலக்கைப் பக்கம்தான் வரும். சுக்கான் அருகே முன்னால் பார்த்து நிற்க என்னை ஒருவனும் விட்டதில்லை.

சாப்பிடும்போது மகன் கத்தினான். "இன்னா நைனா, இடதுன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்? அடுத்த மாசம் மறுபடி கூப்டுறாங்கல்ல?"

"நான் பாத்தது வலதுடா."

"அப்ப கேட்டுலயே குந்திகினு லாரிக்கெல்லாம் சலாம் போடு."

போடத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. இடது சரி என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், நான் நின்ற இடத்தில் யாருமே நிற்கவில்லை என்று ஆகிவிடும். சொல்ல மாட்டேன். காலை ஷிப்டுக்குக் காக்கிச் சட்டையை மருமகள் மடித்து வைத்துவிட்டாள்.