மூன்று குளத்தில் ஒரே மீன்

கஞ்சன்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷிமுலுக்கு,

அப்பாவின் ஸலாம். இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் சுகம். ஹாலந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? இதென்ன, தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாரே என்று பயந்துவிடாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று.

போன மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, வியட்நாம்லயும் எகிப்துலயும் மீன் கூடுனப்ப தீனியும் கூடியிருக்கு. நம்ம பக்கம் மட்டும் தீனி கொஞ்சம்தான் கூடியிருக்கு, மீன் ரெண்டு மடங்கு ஆயிருக்கே, எப்படி?" என்றாய். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நம்ம தண்ணி அப்படிம்மா, நம்ம ஆளுங்க கை அப்படி" என்றேன். அதை வைத்து ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜொய்னாலின் டீக்கடையில் மூன்று நாள் இதே பேச்சுதான். "வியட்நாமத் தோக்கடிச்ச சாச்சா வர்றாரு, பால் கூட ஊத்துங்கடா" என்று அவன் கிண்டல் வேறு.

அதன் பிறகுதான் உன் கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். பங்காஸ் மீன் குஞ்சைச் சின்னக் குளத்தில் விடுகிறோம். கொஞ்சம் வளர்ந்ததும் வலை போட்டு எடுத்து நடுக் குளத்துக்கு மாற்றுகிறோம். அங்கிருந்து பெரிய குளம், அப்புறம்தான் சந்தை. ஒவ்வொரு தடவையும் எடை போட்டுத்தான் விடுவோம். வருஷா வருஷம் மீன் துறையிலிருந்து வருகிறவர், "இந்தக் குளத்துல எவ்வளவு எடுத்தீங்க? அந்தக் குளத்துல?" என்று கேட்பார். குளம் குளமாகக் கேட்டார், குளம் குளமாகச் சொன்னேன். இரண்டு டன், ஏழு டன், இருபது டன். அவர் கூட்டி இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போனார். நானும் அப்படித்தான் நம்பினேன், அல்லாஹ் மேல் ஆணை.

உன் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொல்லப்போனேன். அவள் மீன் அலசிக்கொண்டே, "பெரிய குளத்துல இருந்தது நடுக்குளத்துல இருந்த அதே மீன்தானே? ஒத்தப் புள்ளைய மூணு வீட்டுல எண்ணினா மூணு புள்ள ஆயிடுமா?" என்றாள். எனக்குப் பளாரென்று அறை விழுந்த மாதிரி இருந்தது. மாற்றி வளர்க்காமல் ஒரே குளத்தில் வளர்த்த காலத்தில் பதினான்கு டன் எடுத்தேன். பதினான்கு இருபதானது சத்தியம். மிச்சம் ஒன்பது டன் எந்தக் குளத்தில் நீந்துகிறது? தீனி அந்த அளவு கூடவில்லையே என்றாயே, இல்லாத மீன் எப்படியம்மா தீனி தின்னும்!

அதோடு போயிற்றா? மாற்றி வளர்க்கும் வித்தையை இந்த ஊரில் நாற்பது வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். டீக்கடை ஜொய்னாலும் அதில் ஒருவன், அவனைக் கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரிதான் சாச்சா நாங்களும் சொன்னோம்" என்கிறான். "வியட்நாம்காரனும் மாத்தி மாத்தித்தான் வளர்ப்பான், அவனும் இப்படித்தான் சொல்லுவான், விடுங்க" என்கிறான். அப்படியென்றால் இரண்டு பக்கமும் பிழை, ஒப்பீடு சரியாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சரியாகச் சொல்லி நான் மட்டும் உளறியிருந்தால்? அதுவும் தெரியவில்லை. மீன் துறை அலுவலகத்துக்குப் போய்த் திருத்தச் சொன்னேன். "பழசெல்லாம் மேல போயாச்சு சாச்சா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

உன் அம்மா, "வியாழக்கிழமை அவ ஆய்வுப் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் வாய மூடிட்டு இருங்க. உதவித்தொகை இந்த மாசத்தோட சரி. மறுபடி எழுதச் சொன்னா புள்ள எங்க போவா?" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். வாயைத் திறந்தால் உன் இரண்டு வருஷப் படிப்பில் மண் விழும். மூடிக்கொண்டால், நீ என்னைக் கேட்ட அதே கேள்வியை அங்கே ஒருவர் உன்னைக் கேட்பார். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், "எங்க தண்ணி அப்படி" என்று நீ சொல்வாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை ஷிமுல். அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். செய்தது சரியா தப்பா என்று இன்னமும் புரியவில்லை. என்ன செய்வதென்று நீயே முடிவு பண்ணு. யாராவது கேட்டால், பிழை அப்பாவுடையது என்று தயங்காமல் சொல்.

வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. இறைவன் உன் நாக்குக்குத் துணை நிற்கட்டும். ஆய்வின் முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னாய். எடுக்க வேண்டுமென்று தோன்றினால் எடுத்துவிடு மகளே, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். எடுத்தாயா, இல்லையா என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

உன் அப்பா,
தொஃபஸ்ஸல்