‘விடு’ என்ற சொல் இல்லாத பட்டறை

என்னங்க,

பட்டறை அலமாரியைத் துடைக்கப் போனேன். நீங்கள் கடைசியாகத் திறந்த பிரேக் ஆயில் டப்பா கையில் அகப்பட்டது. பாதி இருக்கிறது. மூடியைத் திருகியதும் அந்த லேசான மீன் வாடை, உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருந்த அதே வாடை, முகத்தில் வந்து அடித்தது. “தொறந்த டப்பா காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சிரும் புள்ள, அத எந்த வண்டிக்கும் ஊத்தக் கூடாது” என்பீர்கள். ஆகாது என்று தெரிந்தும் தூக்கிப் போட மனசு வரவில்லை. இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

நாளைக் காலை என் தம்பி காரைக் கொண்டு வருகிறான். அதே வெள்ளைக் கார்தான். பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமாம். கேட்டதிலிருந்து அந்தப் பழைய நாளே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருத்துறைப்பூண்டியில் நம் பட்டறையில் எல்லா ஸ்பானரும் உங்களுடையவை; கால் மட்டும் என்னுடையது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் “இந்தா புள்ள, காலக் கொண்டா” என்று கூப்பிடுவீர்கள். நான் கரண்டியோடு வந்து டிரைவர் சீட்டில் உட்காருவேன். நீங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பீர்கள். “மிதி, மிதி, புடி” என்றதும் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளை, அந்தச் சின்னத் திருகைத் திறப்பீர்கள். கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். என் காலடியில் பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்பீர்கள். அதற்குப் பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் உள்ளே காற்று போய்விடும். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் முந்தியதில்லை.

அந்த ஒரு நாளைத் தவிர.

நீங்களும் தம்பியும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. இருவரும் கட்டுவது ஒரே கட்சிக் கரைவேட்டிதான். அதில் ஒரு சண்டையும் கிடையாது. என் அப்பா விட்டுப்போன மூன்று மா வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்கள். நீங்கள் எதிர்ப்புப் பந்தலில் போய் உட்கார்ந்தீர்கள். அவன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அன்றோடு அவன் வாசல் மிதிப்பது நின்றது. எனக்கு இருப்பது அவன் ஒருத்தன். நடுவில் கிடந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேதாரண்யம் போக வேண்டும், பிரேக் சரியில்லை என்று அன்று அவனாகவே வந்து நின்றான். நீங்கள் முகத்தைக் காட்டாமல், “மாப்ள, முன்னாடி நின்னு பானெட்டுக்குள்ள இருக்கற ஆயில் டப்பியப் பாத்துக்க. கொறஞ்சா ஊத்தணும்” என்று மட்டும் சொன்னீர்கள். வேலை நடந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அது ஆகுமா?

“பந்தல்ல உக்காந்தா வயலுக்குத் தண்ணி வந்துருமா மச்சான்? பயிரு காயறதப் பாத்துக்கிட்டு நின்னவன் நான். உங்களுக்கு ஸ்பானர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?” என்றான் அவன்.

நீங்கள் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினீர்கள்: “விடு! விடு!”

நான் காலை எடுத்துவிட்டேன். பேச்சை விடச் சொல்கிறீர்கள் என்று தம்பி நினைத்துக்கொண்டான். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டான். பாவி மனுஷா, நீங்கள் கேட்டதோ டப்பியில் ஆயில் விடச் சொல்லி! அவன் போனது தெரியாமல் “மிதி, மிதி” என்றீர்கள். நானும் மிதித்தேன். டப்பி வறண்டு, உள்ளே காற்றாக இழுத்துவிட்டது.

அப்புறம் நான்கு சக்கரத்துக்கும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். பெடல் கெட்டிப்படவே இல்லை. பிசைந்த மாவில் கால் வைத்த மாதிரி இறங்கியது. இரண்டாம் மிதியில் கொஞ்சம் பிடித்தது. “ரெண்டு தடவ மிதிச்சு ஓட்டு” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வண்டியை எடுக்கத் தம்பி திரும்பி வந்தபோது நீங்கள் சாவியை உருவி என் கையில் வைத்தீர்கள்.

“இந்த வண்டி இன்னிக்கிப் போவாது மாப்ள.”

“கோவத்த வண்டி மேல காட்டுறீங்களா மச்சான்?” என்றான் அவன். இப்போது போனால் இவன் இனி வரவே மாட்டான் என்று பயந்து சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“சாவி உங்க அக்காகிட்ட இருக்கு, என்கிட்ட இல்ல. இது ஏபிஎஸ் வண்டி. நடுவுல ஒரு பெட்டி, அதுக்குள்ள சின்னச் சின்ன வால்வு. அதுல காத்து பூந்துருச்சு. நாம மிதிச்சு வராது, கம்ப்யூட்டர் வெச்சு அந்தப் பெட்டிய ஓட்டுனாத்தான் வரும். தஞ்சாவூர்லேருந்து ஆள் வரணும். புள்ளைங்க ஏறுற வண்டி. தப்பு என்னோடது. மூணு காரியத்துக்கு ஒரே வார்த்தையச் சொல்லிட்டேன்.”

“நீங்க ஆயிலா கேட்டீங்க?” என்றான் தம்பி. முதலில் சிரித்தது நான்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அன்று மத்தியானம் அவன் என் கையால் சாப்பிட்டான்.

சாயங்காலம் கம்ப்யூட்டரோடு ஆள் வந்தார். பெட்டி கடகடவென்று உறுமியது. குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அன்று நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். ஆயிலுக்கு ‘ஊத்து’. சண்டைக்கு ‘நிறுத்து’. என் காலுக்கு ‘மேல’. “இந்தப் பட்டறையில இனிமே விடுங்கற வார்த்தையே கெடையாது.” குழாய் இன்றும் வயலுக்கு அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் பந்தலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவனும் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் வாரம் ஒரு தரம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான். எனக்கு அதுவே போதும்.

கடைசி நாளில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “விடு புள்ள” என்றீர்கள். “என்னங்க, தொண்டையில தண்ணி விடவா?” என்றேன். உங்கள் உதடு கோணிச் சிரித்தது. “பட்டறையில இல்லாத வார்த்தையச் சொல்லிட்டேன்ல” என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

தம்பி என்னென்னவோ சொல்கிறான். “அக்கா, விட்டுடு. பட்டறைய மூடிட்டு எங்களோட வந்துரு” என்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான். நாளை நிப்பிளைத் திறக்கப்போவது அவன்தான், நீங்கள் பழக்கிவிட்டது. புது டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். நான் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பேன். அவன் ‘மேல’ என்றால் அவன் வண்டிக்குக் காலை எடுப்பேன்.

உங்கள் வாயிலிருந்து மட்டும் அந்த ‘மேல’ வரவில்லை. நான் இன்னும் மிதித்தபடியேதான் இருக்கிறேன்.