வெயில் ஒத்துக்காத மாமா

ஏப்ரல் 22, செவ்வாய்

தம்பியை இன்று காளவாசலில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அப்பா போனதிலிருந்து அவன் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே இல்லை. "மனச்சோர்வு. இதுக்கு ஒரே காரணம்னு சொல்ல முடியாது. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அவர் முடிக்கும் முன்னாலேயே அம்மா, "யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள். ஞாயிறுதோறும் சர்ச்சில், பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்.

எனக்கு மேலூர் மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், ஞாபகம் வந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் கிடப்பார். ஏன் என்று கேட்டால் அம்மா, "மாமாவுக்கு வெயில் ஒத்துக்காது" என்பாள். இம்புட்டு வருசமும் நம்பினேன். மழைக்காலத்திலும் அவர் வெளியே வந்ததில்லையே.

வீட்டுக்குத் திரும்பும்போது திருநகர் பஸ்ஸில் அம்மாவிடம் மாமாவைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "ஒனக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல இந்தப் பேச்சு எதுக்குடி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கும் அதே அப்பாதான் செத்தார். நான் மறுவாரமே வேலைக்குப் போனேன். அவன் மட்டும் ஏன் விழுந்தான்?

இப்போதுதான் அம்மா என் அறைக்கு வந்தாள். "ஜன்னலை ஏன் சாத்தியிருக்க?" என்றாள். கொசு வருகிறது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

கொசுவுக்காகத்தான் சாத்தினேன்.